பெட்டி இல்லாமல் விற்ற வண்டிகள்

விழுப்புரத்தில் நாங்கள் வாங்கப் பேசி வைத்திருந்த வீட்டுக்காரர் போன் செய்தபோது நான் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு பெரிய லாரி, பின்னால் ஹாரனை விடாமல் அழுத்தும் சொகுசு பஸ். நடுவில் என் லோடு வண்டி. அதில் ஒரு பழைய பிரிட்ஜ், இரண்டு கட்டில், சில மூட்டைப் பேப்பர். வண்டி ஓட்டும்போது நான் போனை எடுப்பதில்லை. ஒழுக்கத்தால் வந்த வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், பயத்தால் வந்தது. மணி அடித்தாலே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அப்படித் தோன்றுகிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசக் கூடாது.

டோல்கேட்டைத் தாண்டி, ஒரு பரோட்டாக் கடை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன்.

"தம்பி, நான் ஒண்ணியும் அவசரப்படுத்தல" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் அவசரப்படுத்தத்தான் போகிறார்கள். "எம் புள்ள திருப்பூர்லருந்து வந்து என்னைக் கூட்டிக்கினு போறேன்றான். ஆடி பொறந்துட்டா பத்திரம் கெடையாது, உனுக்கே தெரியும். ஆவணி வரைக்கும் இங்க ஒண்டியா கெடக்க என்னால ஆவாது. இன்னொரு பார்ட்டி கைல காச வெச்சிக்கினு நிக்கிறான். உனுக்குத் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன், அதனாலதான் மொத போனு உனுக்கு. ஆனிக்குள்ள முடியுமா, முடியாதா?"

"முடியும்ங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லி வைத்த பிறகுதான் எப்படி முடியும் என்று யோசிக்கத் தொடங்கினேன். என் யோசனை எல்லாம் இப்படிப் பின்னால்தான் வரும். வந்தால் போகாது.

நாங்கள் அப்போது திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் மனைவிக்கு விழுப்புரத்தில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலை. காலை டிபனும் மதியச் சாப்பாடும் அவள் பொறுப்பு. பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன் இட்லி அடுப்பு எரிய வேண்டும் என்றால் இருட்டோடு இருட்டாகப் பஸ் ஏறியாக வேண்டும். சென்னைப் பக்கமிருந்து வரும் பஸ்கள் எங்கள் ஊருக்கு வரும்போதே நிரம்பித்தான் இருக்கும். நின்றுகொண்டே போவாள். அங்கே போய் நின்றுகொண்டே சமைப்பாள். இரண்டு முழங்காலும் பன் மாதிரி உப்பிவிட்டன. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலைய விடுங்க, இல்லாட்டி பஸ்ஸ விடுங்க" என்றார். வேலையை விட முடியாது. பஸ்ஸை விடுவதற்குத்தான் அந்த வீடு. விடுதியிலிருந்து அவள் வலி இல்லாமல் நடந்து வரக்கூடிய தூரத்தில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். வாடகைக்கும் அந்தப் பக்கத்தில் பார்த்தோம். பழைய சாமான் வண்டி வாசலில் நிற்கும் என்று சொன்னதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பாங்க் தருகிறேன் என்றதைத் தந்துவிட்டது. நகை போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. கட்டிக்கொடுத்த மகளும் தன்னால் ஆனதைக் கொடுத்தாள். அதற்கு மேலும் மூன்று லட்சம் இடித்தது.

எங்கள் வீட்டில் விற்பதற்கு மிச்சமிருந்தவை என் பொம்மை வண்டிகள் மட்டும்தான்.

பொம்மை என்றால் திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் இல்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அன்றிலிருந்து பழைய சாமான் கடை வேலைதான். புதுச்சேரியில் பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்கள் எங்கள் முதலாளிக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். அப்படி ஒரு வீட்டுப் பரணில் ஒரு டிரங்க் கிடைத்தது. திறந்தால் உள்ளே வரிசையாக மஞ்சள் அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவில் ஒரு இரும்பு வண்டி. பால் வண்டி, ஏணி வைத்த தீயணைப்பு வண்டி, தார் போடும் வண்டி, மூட்டை ஏற்றிய லாரி, கூரை திறந்த கார். பெட்டியின் மேலே அந்தந்த வண்டியின் படம். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. அந்தக் காலத்தில் கப்பலில் வந்தது என்றார்கள். யாரோ ஒரு பிள்ளைக்கு வாங்கி, அந்தப் பிள்ளை விளையாடவே இல்லை போல. சக்கரத்தில் தூசி கூட ஒட்டவில்லை.

முதலாளி அதைத் தராசில் வைத்து, "இரும்பு வெலையே குட்த்துடு. பொம்ம வெல போட்டா உனுக்குக் கட்டாது" என்று சிரித்தார். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டைக் காலி செய்யப் போனாலும் என் கண் பரணுக்குத்தான் போகும். அங்கொன்று இங்கொன்றாகச் சேர்ந்து, பழைய ஜன்னல் கண்ணாடியை வைத்து நானே செய்த அலமாரி நிறைந்தது. வண்டிகள் அலமாரியில். அட்டைப் பெட்டிகள் பரண் மேல் டிரங்கில்.

ஆயுத பூஜைக்கு லோடு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போது இவற்றுக்கும் என் மனைவி பொட்டு வைப்பாள். "அதுவும் வண்டிதான, விட்டா கோவிச்சிக்கும்" என்பாள். போன ஆயுத பூஜைக்கு மகள் வந்திருந்தாள். வண்டிகளையும் அவற்றின் பெட்டிகளையும் பலகையில் வரிசையாக அடுக்கி, பொட்டும் பூவுமாக ஒரு படம் எடுத்து இணையத்தில் எங்கேயோ போட்டாள். மறுநாளே புதுச்சேரியிலிருந்து ஒரு அம்மா அவளிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். பல் டாக்டர். இந்த மாதிரி வண்டிகள் சேர்க்கிறவராம். "விக்கிறதா இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க அண்ணா" என்றார். நான் விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்ன விலையைக் கேட்டதிலிருந்து அலமாரிக்குப் பூட்டு போட்டேன். பூட்டு போட்டதிலிருந்து, பூட்டைப் பார்த்து யாராவது உள்ளே என்னவோ இருக்கிறது என்று நினைத்துவிடுவார்களோ என்று அதன் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன்.

வீட்டுக்காரர் போன் செய்த அன்று சாயங்காலம் மனைவி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அலமாரிப் பக்கம் பார்க்கவும் இல்லை. அவள் அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் என்னை என்னவோ செய்தது.

"வித்துடலாம்" என்றேன்.

"நெசமாவா?"

"வேற இன்னா வழி?"

"பொம்மைய வித்து வூடு வாங்கனவன்னு உனுக்குப் பேரு வெக்கப் போறாங்க" என்றாள். பிறகு தைல மூடியைத் திருகிக்கொண்டே, "அந்தப் பல்லு டாக்டருக்கு இப்பவே போனைப் போடு. காலைல நீ மனச மாத்திக்குவ" என்றாள்.

டாக்டரம்மா உடனே எடுத்தார். வியாழக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன் என்றார். "டப்பாங்க எல்லாம் இருக்குதுல்ல அண்ணா? படத்துல பாத்தேன். டப்பாவோட இருந்தா மூணு தரலாம்."

"எல்லாம் இருக்குதும்மா" என்றேன்.

வியாழன் வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டிகளை வெளியே எடுத்துத் துடைப்பேன். துடைத்ததால் பெயின்ட் போய்விட்டதோ என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். இவையெல்லாம் போலி என்று அந்த அம்மா சொல்லிவிட்டால்? போலி இல்லை, திருட்டு என்று சொல்லிவிட்டால்? அந்த டிரங்கை நான் விலை கொடுத்து வாங்கியதற்கு முதலாளி ஒருவர்தான் சாட்சி. அவரிடம் போய், யாராவது கேட்டால் சொல்லுங்கள் என்றேன்.

"யாரு கேப்பாங்க?"

"யாராச்சும்."

"நீ மொதல்ல ஒரு டீ குடி" என்றார். "ஜல்தியா விக்கிறேன்னு மட்டும் அந்தம்மாகிட்ட காட்டிக்காத. வாங்க வர்றவன் சொல்ற மொத வெலைக்குக் கொட்டாவி வுடு. கொட்டாவி வுட்டா ஏத்துவாங்க."

எனக்குக் கொட்டாவி வருமா என்ற கவலையும் அதோடு சேர்ந்துகொண்டது.

பரண் மேலிருந்து டிரங்கை இறக்க நான் ஏணி தேடினேன். "நீ ஏறினா தலை சுத்துதும்ப, நான் எறக்கி வெக்கிறேன், போ" என்று மனைவி சொல்லிவிட்டாள். முழங்கால் வலிக்காரி பரணில் ஏறுகிறேன் என்கிறாளே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை டாக்டரம்மா காரில் வந்து இறங்கினார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. பாயில் வெள்ளைத் துணி விரித்து வண்டிகளை வைத்திருந்தேன். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். வண்டியைத் திருப்பாமலே அதை அடியில் நுழைத்து எழுத்தைப் படித்தார். எனக்கு என் வாயையே பார்க்கிற மாதிரி இருந்தது. பால் வண்டியின் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்ன அண்ணா, செவப்பா?"

"குங்குமம்மா. ஆயுத பூஜைக்கு வெச்சது."

சிரித்தார். "பரவால்ல, எங்கூட்டுக்கு வந்தும் வெப்பேன். டப்பாங்களக் குடுங்க, பாத்துடலாம்."

நான் டிரங்கைத் திறந்தேன். உள்ளே மகளின் பழைய பாடப் புத்தகங்கள் இருந்தன. பெட்டிகள் இல்லை.

எலியா? எலி என்றால் துகளாவது இருக்குமே. பேப்பர் மூட்டையோடு தவறுதலாகக் கடைக்கு ஏற்றிவிட்டேனா? கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், துணி மூட்டையில் என்று எல்லா இடத்திலும் கையை விட்டேன். டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி சமையல்கட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கு ஆற்றுகிற காபியை அவ்வளவு நேரம் யாரும் ஆற்ற மாட்டார்கள்.

உள்ளே போய், "பொட்டிங்க எங்கடி?" என்றேன் மெதுவாக.

"கீது."

"எங்க கீது?"

"எங்கியோ கீது. வண்டிதான வாங்க வந்தாங்க, வண்டியக் குடு."

"பொட்டியோடதான் அந்தக் காசு!"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்கப்பா எத்தினி மாடு வித்திருப்பாரு? ஒருத்தனுக்காச்சும் கயித்தோட குட்த்திருக்காரா? வாங்கறவன் புதுக் கயிறு கொண்டாந்து கட்டிக்கினு ஓட்டிக்கினு போவான். நம்ம கயிறு நம்ம வூட்ல நிக்கும். கயித்தையும் சேத்துக் குட்த்தா அப்பால வித்தவன் வூட்ல மாடு தங்குமா?"

"அது மாடு. இது அட்ட டப்பா!"

"இதுக்குள்ளருந்துதான அவுத்துக் குடுக்குற? அப்ப இதுதான் கயிறு." குரலைத் தாழ்த்தினாள். "எனுக்கும் வூடு வோணும்யா. ஒன்னவிட எனுக்குதான் வோணும். ஆனா எல்லாத்தையும் வழிச்சிக் குட்த்துட்டு வாங்குற வூடு நெலைக்குமான்னு பயமா கீது. ஒண்ணுமே மிச்சம் வெக்காம குடுக்காதய்யா."

அவள் விக்கிரவாண்டிப் பக்கம் மாடும் மல்லாட்டைச் சாகுபடியுமாகப் பிழைத்த வீட்டுப் பெண். வாழ்நாளில் பயம் என்று அவள் வாயால் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னுடையது. அவளும் பயப்படுகிறாள் என்றதும் என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. பெட்டியைக் கொடுத்தால் வீடு நிலைக்காது. பெட்டியைக் கொடுக்காவிட்டால் வீடே கிடைக்காது. எந்தப் பக்கம் போனாலும் கீழே விழுகிற ஒரு வரப்பில் நின்றேன்.

எங்கள் சமையல்கட்டுக்குக் கதவு கிடையாது. திரைதான். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் வெளியே வந்தபோது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "அண்ணா, டப்பா இல்லாம இதுக்கெல்லாம் ஒண்ணேகாலுக்கு மேல தர முடியாது" என்றார். "நான் ஏமாத்தல. இதுல டப்பாதான் அபூர்வம். வண்டிய எல்லாரும் வெச்சிருப்பாங்க, டப்பாவ எல்லாரும் தூக்கிப் போட்டிருப்பாங்க."

கொட்டாவி விட வேண்டிய இடம் அதுதான். எனக்கு விக்கல் வந்தது.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு மனைவி காபியோடு வந்தாள். டாக்டரம்மாவுக்கு எதிரில் மெல்ல உட்கார்ந்தாள். உட்கார அவளுக்கு நேரம் ஆகும்.

"இன்னிக்கு வண்டிய மட்டும் எடுத்துக்கினு போ கண்ணு" என்றாள். "அதுக்கு இன்னா வெலையோ அதக் குடு. கயிறு இல்லாம அது ஒங்கூட்டுக்குப் போயி ஒரு ராத்திரி தங்கட்டும். அப்பால நீ திரும்பி வந்து, எனுக்குப் பொட்டி வோணும்னு தனியா கேளு. மாட்டோட கயிறு குடுக்கக் கூடாது. கயித்த மட்டும் விக்கிறது வேற வியாபாரம். அதுல தப்பு கெடையாது."

டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குட்டிக் கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். "அப்ப நாளைக்கே வர்றேன்மா" என்றார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம பொருள வெளிய குடுக்க மாட்டோம். சனிக்கெழம வா. வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடு. வெறுங்கையோட வராத, வெத்தல பாக்காச்சும் வாங்கிக்கினு வா."

"ரைட்டும்மா."

அவர் வண்டிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். சொன்ன தொகையை அங்கேயே என் கணக்கில் போனில் ஏற்றினார். கார் தெருவைத் தாண்டிப் போனது. என் அலமாரியில் துண்டு மட்டும் தொங்கியது.

கார் திரும்பிய அடுத்த நொடியே நான் தொடங்கினேன். "வரலன்னா?"

"வருவாங்க."

"வண்டி கைக்குப் போயிடுச்சு. இனிமே அந்தம்மாவுக்கு இன்னா அவசரம்? ஒரு மாசம் கழிச்சி வந்தா? அதுக்குள்ள ஆடி பொறந்து, அந்தாளு வூட்ட வேற எவனுக்காச்சும்..."

"ஒனுக்குப் பொட்டி வோணுமா, பொட்டி?" என்று எழுந்து, வெந்நீர் அடுப்புக்கு அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய மாவுச் சாக்கை இழுத்துப் போட்டாள். உள்ளே எல்லாப் பெட்டிகளும் பத்திரமாக, அவளுடைய பழைய புடவையில் சுற்றி. "இந்தா. எண்ணிப் பாத்துக்கினு கம்முனு கெட."

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. போயிருந்தால் எங்காவது மோதியிருப்பேன். பெட்டிகளை அலமாரியில் அடுக்கினேன். மேலே படம் இருந்ததால் தூரத்திலிருந்து பார்க்க வண்டிகள் இருப்பது போலவே இருந்தது. தூக்கினால் காற்று. மழை வருமோ, ஓதம் ஏறி அட்டை வளைந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்தேன். வெயில் கொளுத்தியது. வெயிலில் நிறம் வெளுத்துவிடுமோ என்று திரையை இழுத்துவிட்டேன். முதலாளி வழியில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, வித்துட்டியா?"

"வண்டிய வித்துட்டேன். பொட்டி கீது."

"சரக்கக் குட்த்துட்டு காலி டப்பாவுக்குக் காவல் இருக்குற மொத ஆளு நீதான்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். தெரு முனை வரைக்கும் அவர் சிரிப்பது கேட்டது.

மனைவி வழக்கம்போல் பஸ் ஏறிப் போய், சமைத்து, மதியத்துக்கு மேல் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றும் உட்கார இடம் கிடைக்கவில்லையாம். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். பேசினால் சண்டை வரும்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மனைவி வேலையிலிருந்து வந்ததும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டேன். அதே. பெட்டிகளை ஒரு பையில் போட ஆரம்பித்தேன்.

"இன்னா பண்ற?"

"பாண்டி பஸ் ஏறப் போறேன். கையோட குட்த்துட்டு வந்துடறேன்."

"கயித்த எடுத்துக்கினு மாடு வாங்கனவன் பின்னாடி எவனாச்சும் ஓடுவானா? நீ அங்க போய் நின்னா அது அம்பது ரூபா டப்பா. அவங்க இங்க வந்து நின்னாதான் அதுக்கு வெல." பையை வாங்கி வைத்தாள். "ஒன்னால இங்க குந்த முடியாது. எனுக்கும் பேஜாரா கீது. எங்கியாச்சும் போய்ட்டு வா."

போவதற்கு எனக்கு ஒரே இடம்தான் தோன்றியது. விழுப்புரம் போய் வீட்டுக்காரரைப் பார்த்து, பத்திரத்துக்குக் குறித்திருந்த திங்கட்கிழமைக்குள் முழுப்பணமும் வராவிட்டால் மீதிக்குக் கொஞ்சம் தவணை கேட்பது. கேட்டால் இன்னொரு பார்ட்டிக்குப் போய்விடும் என்று தெரியும். ஆனாலும் மோசமானது எதுவாக இருந்தாலும் சீக்கிரம் நடந்துவிட வேண்டும் என்பது என்னைப் போன்றவர்களின் வியாதி. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று நெட்டினார். கம்பியைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது. விக்கிரவாண்டி வருவதற்குள்ளேயே எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அவள் இதைத் தினமும் செய்கிறாள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்றுதான் அது உடம்புக்குத் தெரிந்தது. தவணை கேட்பதற்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பெரியவர் பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் பின்வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. "வா தம்பி, டீ குடிக்கிறியா?" என்று உள்ளே போய் அவரே போட்டுக்கொண்டு வந்தார். நான் சுவரைப் பார்த்தேன். சமையல்கட்டு ஜன்னலைப் பார்த்தேன். மேடை அவளுக்குச் சரியான உயரம். ஒரு ஸ்டூல் போட்டால் உட்கார்ந்துகூட வேலை செய்யலாம்.

"ஐயா, திங்கக்கெழம பத்திரத்தப் பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

போன் அடித்தது. மனைவி. அவசரத்தில் நான் எதையோ அழுத்த, அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எங்கய்யா கீற? அந்தம்மா வந்துட்டுப் போய்ட்டாங்க. யாருக்கோ பல்லப் புடுங்கி ரத்தம் நிக்கலையாம், அதான் போன அணைச்சி வெச்சிட்டாங்களாம். வெத்தல பாக்கு, பழம் எல்லாம் கொண்டாந்தாங்க. காசு ஏறிடுச்சி, போனைப் பாரு."

"முழுசா?"

"முழுசுக்கு மேலயே. கயிறு தனியா விக்கறப்ப கயித்துக்கு வெல வேறன்னு சொன்னேன். அந்தம்மா சிரிச்சிக்கினே போட்டுட்டாங்க. பத்திரச் செலவுக்கு ஆவும். நீ எங்க கீற, சொல்லு?"

"வூட்ல."

"எந்த வூட்ல?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம வூட்ல" என்று சொன்னேன். அவள் பக்கம் வெற்றிலைக் கவரோ என்னவோ சரசரத்தது. பிறகு போனை வைத்துவிட்டாள்.

"அப்ப திங்கக்கெழம உறுதிதான தம்பி?" என்றார் பெரியவர்.

"உறுதிங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். "அப்ப ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நாளாவே எனுக்குத் தூக்கம் புடிக்கல. வாங்க வர்றவங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னா ஓடிடுவாங்கன்னு புள்ள வாயக் கட்டிட்டான். நீ இப்ப நம்ம ஆளாயிட்ட." எழுந்து வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். "தொ, இந்தக் கொழாயி. மூடினாலும் சொட்டும். ராத்திரில துணி ஒண்ணச் சுத்திக் கட்டணும். மோட்டாரு சுவிட்சப் போட்டா ஓடாது, போட்டு, அணைச்சி, திரும்பப் போடணும். கூட்ஸ் வண்டி போறப்ப இந்தக் கதவு தானா தெறக்கும், பயந்துக்காத. ஐப்பசி மழைல இந்த மூலைல ஒழுவும். இந்த மூலைலதான், அந்த மூலைல ஒழுவாது."

இவ்வளவையும் முன்னாலேயே கேட்டிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். ஒரு வாரம் சாப்பிட்டிருக்கவும் மாட்டேன். இப்போது அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அத்தனையும் எனக்குள் போய்த் தன் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும். கதவுக்கு ஒரு கொக்கி. எங்கள் கடையில் கிலோ கணக்கில் கொக்கி இருக்கிறது. ஒழுகல்தான் என்னவென்று பார்க்க வேண்டும். மேலே வெடிப்பு எவ்வளவு நீளம், ஓடியிருக்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று தெரியாமல் அன்று எனக்குப் பஸ் ஏற முடியாது.

"ஏணி இருக்குதுங்களா?" என்றேன்.

"ஏணியா, இப்பவா? திங்கக்கெழமைக்கு அப்பால பாத்துக்கக் கூடாதா?"

"இல்லீங்க, இப்பவே பாத்துடறேன்."

பின்பக்கத்திலிருந்து ஒரு மூங்கில் ஏணியை இழுத்துக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அவர் கீழே இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து ஏறு தம்பி" என்றார். "மேல ரெண்டாவது படி இருக்கே, அதையும் சொல்லிடறேன். அது ஆடும்."